பங்கு பிரித்த சுவர்

எங்கள் சிற்றாலயத்தில் சிலுவை கிடையாது. ஹந்தானை மலை கண்டி நகரத்தை நோக்கி இறங்கும் சரிவில், தேயிலை முடிந்து வீடுகள் தொடங்கும் இடத்தில் அது நிற்கிறது. தகரக் கூரை, இரு பக்கமும் உயரமான யன்னல்கள், முன்வாசலில் ஒரு சிறிய மணி. புதிதாக அந்த வழியால் வருகிறவர்கள் அதைப் பழைய பாடசாலை என்று நினைப்பார்கள். உள்ளே உட்கார நீள வாங்குகளும் ஒரு மேசையும் ஒரு கதிரையும் மட்டும். மேசையில் வேதாகமம் இருக்கும். அந்த ஞாயிறு பேசுகிறவர் விரும்பினால் பக்கத்தில் வேறு நூலும் இருக்கும்.

கடவுள் ஒருவரே, அவர் மூவராக இல்லை, இயேசு நமக்கு வழிகாட்டிய மனிதர் என்று நம்புகிற சபை எங்களுடையது. முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறும்போதே இந்த எண்ணத்தோடு வந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. இல்லை, இங்கே வந்தபின் ஒரு மிஷன் கோயிலில் வாக்குவாதப்பட்டு வெளியேறினார்கள் என்று இன்னொரு கதையும் உண்டு. இரண்டுக்கும் ஆதாரம் இல்லாததால் இரண்டையும் எழுதுகிறேன். நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான்: கட்டியவர்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகள், நகரத்துக் கடைகளில் எழுதுவினைஞர்களாக இருந்தவர்கள், மாநகரசபைத் தொழிலாளர்கள். பாதிரியார் என்று யாரையும் அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. குடும்பம் குடும்பமாக முறை வைத்து ஆராதனை நடத்தினார்கள். இன்றும் அப்படித்தான்.

இதனால் ஊரில் எங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. இந்து நண்பர்கள் எங்களை வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், என்பார்கள். வேதக்காரர்கள் அதைக் கேட்டால் தலையை ஆட்டி மறுப்பார்கள். கீழ்த்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா மட்டும் எங்களைத் தம்முடைய பக்கத்துக்கு இழுப்பார். ஒவ்வொரு வருடமும் நான் சுண்ணாம்பு வாங்கப் போகும்போது அதே பகிடிதான்.

"நீங்களும் ஆண்டவன் ஒருத்தன்டு தானே செல்றீங்க? அப்ப என்னத்துக்கு ஞாயித்துக்கிழம கூடுறீங்க? வெள்ளிக்கிழமைக்கு மாத்துங்க. சுண்ணாம்பு பாதி விலைக்குத் தாரன்."

"சபையில கேட்டுச் சொல்றேன் நானா."

"உங்கட சபையில கேட்டா என்ட பேரப்புள்ள காலத்துல தான் பதில் வரும்."

அதில் உண்மை இருந்தது. எங்கள் சபையில் பேச்சு முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து ஆமென் சொல்லும் வழக்கம் இல்லை. கேட்டதை மனம் ஏற்றுக்கொண்டவர் மட்டும் சொல்வார். ஏற்காதவர் பேசாமல் இருப்பார். ஏன் பேசாமல் இருந்தாய் என்று அவரை யாரும் கேட்கக் கூடாது. ஒருவருடைய நம்பிக்கைக்குள் இன்னொருவர் எட்டிப் பார்ப்பது எங்களிடையே மிகப் பெரிய மரியாதைக் குறைவு. சிறு வயதில் இதை நாங்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்டோம்.

அந்த மரியாதை சுவருக்கும் நீண்டது. இதைச் சொல்லாமல் பின்னால் நடந்ததைச் சொல்ல முடியாது. ஆலயம் கட்டும்போது எந்தக் குடும்பம் எந்தப் பக்கத்துக்குக் கல் சுமந்ததோ, அந்தப் பக்கச் சுவர் அந்தக் குடும்பத்தின் பங்காயிற்று. யன்னலுக்கு யன்னல் ஒரு பங்கு. மாசி மாதத்தில் ஆண்டு விழா. அதற்கு முந்திய வாரம் ஒவ்வொரு குடும்பமும் வந்து தன் பங்கைச் சுரண்டி, பூசி, வெள்ளை அடிக்கும். கூலிக்கு ஆள் வைப்பதில்லை. வேலை முடிந்ததும் முற்றத்தில் எல்லோருக்கும் ஒரே சமையல். அந்த நாட்களில் அடுத்தவர் பங்கைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றோ, அங்கே ஓர் ஓட்டை தெரிகிறது என்றோ சொல்வது வழக்கமில்லை. அதனால் தன் பங்கில் வெடிப்புக் கண்டவர் மற்றவர்கள் வருமுன்னே வந்து அதை அடைத்துவிடுவார். எங்கள் அப்பாவும் விடியற்காலையில் சீமெந்துக் கலவையைப் பழைய பால்மா டின்னில் போட்டு எடுத்துக்கொண்டு போவார். நாங்கள் போய்ச் சேரும்போது சுவர் ஈரமாக இருக்கும். அவர் கை கழுவியிருப்பார்.

ஆலயத்தின் பின்சுவர் என் உடன்பிறந்த அக்காவின் பங்கு; அதனடியில் இருக்கும் வீட்டில் குடியிருப்பவர்தான் அதைப் பூசுவது வழக்கம். அக்கா என்னைவிட மிகவும் மூத்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பாடசாலை விடுதியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டதும், பின்சுவருக்குக் கீழே சரிவை வெட்டிக் கட்டியிருந்த சிறு வீட்டைச் சபை அவருக்குக் கொடுத்தது. இரண்டு அறை, ஒரு குசினி, கொல்லையில் ஒரு பலாமரம். ஞாயிறு காலை மணி அடிப்பதும் வாங்குகளைத் துடைப்பதும் அவர் பொறுப்பு. வாழ்நாள் முழுவதும் விடுதிக் கட்டிலில் படுத்தவருக்கு அதுதான் முதல் சொந்த வாசல். தன் சாவியைத் தன் மடியில் வைத்துக்கொண்ட முதல் நாள் அக்கா என்னைக் கூப்பிட்டு, கதவைப் பூட்டித் திறந்து, மறுபடி பூட்டிக் காட்டினார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சில வருடங்களாகக் குடும்பங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. எங்கள் பங்குக்கு அடுத்த பங்குக்காரர்கள் போன வருடம் பிள்ளைகளோடு கனடாவுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பங்கையும் நானே செய்வதாக ஒப்புக்கொண்டேன்.

அந்த மாசி மாதத்தில்தான் முதன்முறையாக இரண்டு பங்குகளை அடுத்தடுத்துச் சுரண்டினேன். எங்கள் யன்னலின் மேல்மூலையில் தொடங்கும் வெடிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். அப்பாவுக்குப் பின் நானே அதை வருடா வருடம் அடைத்து வந்தேன். அது இரண்டு பங்குகளையும் பிரிக்கும் எல்லைக் கம்பம் வரை சாய்வாக இறங்கும். கம்பத்துக்கு அப்பால் கனடாக்காரர்களின் பங்கைச் சுரண்டியபோது கம்பத்தின் மறுபக்கத்தில் அதே உயரத்தில் அது தொடர்ந்தது. அவர்கள் அதைக் காகிதக் கூழால் அடைத்திருந்தார்கள். கூழ் உள்ளே சுருங்கித் தனியாக ஆடியது. விரலால் தொட்டதும் உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் உடனே கேட்கவில்லை.

ஏணியில் நின்றபடியே திரும்பிப் பார்த்தேன். செய்யக் கூடாத காரியம். ஆனாலும் ஒவ்வொரு பங்காகப் பார்த்தேன். ஓரிடத்தில் சாம்பல் நிறச் சீமெந்துக் கோடு. அடுத்ததில் மஞ்சளாகிப்போன மக்கு அடைத்த கோடு. அடுத்ததில் கோட்டை மறைத்துத் தொங்கிய ஒரு நாட்காட்டி. அதற்கப்பால் வெறும் சுண்ணாம்பு, ஆனால் புடைத்த சுண்ணாம்பு. கோடுகள் எல்லாம் ஒரே சாய்வில் இறங்கிக்கொண்டிருந்தன. அவை போய் முடிந்த இடம் அக்காவின் பின்சுவர்.

ஆண்டு விழா முடிந்ததும் இதைச் சபையில் சொன்னேன். எங்கள் சபைத் தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர்; எல்லோரும் அவரை மாஸ்டர் என்போம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா, சாம்பல் நிறக் கோட்டின் சொந்தக்காரி, எழுந்தார்.

"எங்க பங்க யாரு உங்களப் பார்க்கச் சொன்னா?"

"பார்க்கணும்னு பார்க்கலீங்க. ஏணியில நிக்கிறப்ப கண்ணுல பட்டுச்சு."

"பட்டா கண்ண மூடிக்கிறது. எங்க வீட்டுக்காரரு செத்த வருசத்துலகூட நான் அந்தச் சுவர விடல. ஒத்தையா நின்னு பூசினேன். இப்ப வந்து வெடிப்பாம்."

"தம்பி," என்றார் மாஸ்டர், "கண்டியில வெடிக்காத சுவர் எங்க இருக்கு? என் வீட்டுலயும் இருக்கு."

"ஒவ்வொருத்தர் பங்குலயும் தனித்தனியா இருந்தா நானும் அப்படித்தான் சொல்லுவேன் மாஸ்டர். இது ஒண்ணு. நாமதான் அதத் துண்டு துண்டா அடைச்சு வச்சிருக்கோம்."

"சரி. என்ன செய்யணும்ங்கிற?"

"அவங்கவங்க பங்க அவங்கவங்களே சுரண்டட்டும். அடைக்காம விடுவோம். பிறகு எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்."

கடைசி வாங்கில் இருந்து அக்காவின் குரல் வந்தது. "புதுசா வெள்ளையடிச்சு இன்னும் வாசம் போகல. அதுக்குள்ள சுரண்டணுமா? நல்லா இருக்குடா உன் யோசனை."

சிலர் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பதிலாகச் சுரண்டுவது என்று முடிவாயிற்று.

அன்று பாட்டு இல்லை. கரண்டியும் தகட்டுத் துண்டும் சுவரில் உரசும் சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்டது. அடைப்புகள் ஓடு ஓடாகக் கழன்றன. ஒன்றின் கீழ் இன்னொன்று, அதன் கீழ் இன்னொன்று என்று, ஒவ்வொரு வருடத்துப் பூச்சும் தன் நிறத்தோடு விழுந்தது. எங்கள் பங்கில் அப்பாவின் சீமெந்தை என்னால் அடையாளம் காண முடிந்தது. அதில் அவர் விரல் பதிந்திருந்தது. முன்வரிசை அம்மா அழுதுகொண்டே சுரண்டினார். அவருக்கு உதவப் போனவர்களை விலக்கிவிட்டார்.

சுரண்டி முடித்து எல்லோரும் நடுவில் வந்து நின்றோம். முன்வாசல் நிலைக்கு மேலிருந்து பின்சுவரின் அடிவரை ஒரே வெடிப்பு ஓடியது. வெடிப்புக்குச் சரிவுப் பக்கமாக இருந்த பாதி ஆலயம் மற்றப் பாதியைவிடச் சற்றே தாழ்ந்திருந்தது. வாங்குகளின் வரிசையை வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். அத்தனை ஞாயிறுகள் அந்த வாங்குகளில் இருந்தும் நாங்கள் பார்க்கவில்லை. மாஸ்டர் பின்சுவரருகே போய், வெடிப்பு அகன்றிருந்த இடத்தில் கையை வைத்தார். மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று. உடனே எடுத்துவிட்டார்.

"உள்ள காத்து வருது," என்றார்.

நானும் போய் முகத்தை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்த காற்றுத்தான். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது வருகிற மண்வாடை அதில் இருந்தது. அது ஆலயத்தின் காற்று அல்ல, மலையின் காற்று.

மாஸ்டர் சுருக்கமாக ஒரு ஜெபம் செய்தார். இந்த இடத்தைக் காத்தருளும் என்று முடித்தார். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

அரசாங்கத்து மண்சரிவுப் பிரிவிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்தார். இளைஞர். சிங்களத்தில், எங்களுக்கு விளங்க வேண்டும் என்று மெதுவாகப் பேசினார். வெடிப்பைப் பார்க்கச் செலவிட்டதைவிட அதிக நேரம் அக்காவின் கொல்லையில் நின்றார். பலாமரம் சாய்ந்திருப்பதைக் காட்டினார். குசினிக்குப் பின்னால் மண் நனைந்து நீர் கசிவதைக் காட்டினார். வெயில் காலத்தில் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அக்காவைக் கேட்டார். அது நல்ல தண்ணீர், செடிகளுக்கு விடுகிறேன் என்றார் அக்கா. உத்தியோகத்தர் வீட்டு வாசற்கதவில் சிவப்பு அறிவித்தலை ஒட்டினார். ஆலயத்தைப் பூட்டச் சொன்னார். கீழ்வீட்டில் யாரும் இருக்கக் கூடாது, மழை என்றால் ஒரு நிமிடமும் கூடாது என்று போகும்போது இன்னொரு முறை சொன்னார்.

சபை அம்பிட்டியவில் இருக்கும் என் வீட்டு முன்கூடத்துக்கு மாறியது. அக்காவும் என் வீட்டுக்கு வந்தார். சித்திரைக்குப் பின் மழை தொடங்கியது. அந்த மழைக்காலம் முழுதும் அக்கா எங்களோடு இருந்தார். இரவில் கூரையில் மழை பலக்கும்போதெல்லாம் நான் விழித்துக்கொண்டு, அடுத்த அறையில் அவர் இருமும் சத்தம் கேட்கும்வரை காத்திருப்பேன். கேட்டதும் தூங்கிவிடுவேன்.

ஆனால் ஒரு வீட்டில் இரண்டு பேர் குசினியை ஆள முடியாது. என் மனைவியும் அக்காவும் ஒரு கடுஞ்சொல் பேசிக்கொண்டதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மழை ஓய்ந்த ஒரு காலையில் அக்கா தன் பையைக் கட்டி முன்கூடத்துக் கதிரையில் வைத்திருந்தார்.

"உன் பொண்டாட்டி நல்லவ தான்," என்றார். "நான் அடுப்புல தண்ணி வச்சா அவ வந்து நெருப்பக் குறைக்கிறா. ஒண்ணும் சொல்ல மாட்டா. குறைச்சிட்டுப் போயிருவா. நான் போறேன்டா."

"சிவப்பு நோட்டீஸ் அங்கதானக்கா இருக்கு."

"இருக்கட்டும். மழை முழுக்க இருந்துச்சு, வீடும் இருந்துச்சு. ஒண்ணும் நடக்கலியே?"

"நடந்த பிறகு போக முடியாது."

"நடக்கலன்னாலும் போகக் கூடாதுங்கிற. அப்ப எப்பதான் போறது, சொல்லு?"

அக்கா பையைத் தூக்கிக்கொண்டார். அன்றே போய்விட்டார். பொலிசில் சொல்லலாம், கிராம சேவகரிடம் சொல்லலாம் என்று மனைவி சொன்னாள். நினைத்துப் பார்த்தேன். சொந்த வாசலில் இருந்து அக்காவைப் பொலிஸ் கையைப் பிடித்து இறக்குவது கண்ணில் தெரிந்தது; சொல்ல மனம் வரவில்லை.

அதன்பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். வெடிப்பு அவர் படுக்கையறைக்குள் இறங்கியிருந்தது. அக்கா அதைக் குசினிச் சாமானால் அளந்துகொண்டிருந்தார். முதலில் கத்தி நுனி போயிற்று. பிறகு தேக்கரண்டிக் காம்பு போயிற்று. இதைச் சிரித்துக்கொண்டே எனக்குக் காட்டுவார்.

"அகப்பை போற அன்னைக்கு உன் வீட்டுக்கு வாறேன். போதுமா?"

முன்கதவு சாத்த முடியாமல் இறுகியது. மழைக்கு ஊதிவிட்டது என்றார். மழை பெய்து எத்தனையோ நாளாயிற்று. கதவின் அடியைச் சீவிவிட்டார். அடுத்த முறை போனபோது அது மேலே இறுகியிருந்தது. குழாயில் வந்த தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. அவர் அதைத் துணியில் வடித்தார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சரிசெய்துகொண்டே இருந்தார். அந்தச் சுவரில் நாங்கள் எல்லோரும் செய்ததை அவர் ஒருவரே இப்போது ஒரு வீட்டுக்குள் செய்துகொண்டிருந்தார். சொன்னேன். பிரசங்கம் பண்ணாதே என்றார்.

ஐப்பசியில் ஒரு பிற்பகல் ஹந்தானைக்கு மேல் மேகம் கறுத்து இறங்கியது. நான் போய் அவர் முன்கூடத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"மழை வருது, கிளம்பலையா நீ?"

"இல்லக்கா. நீங்க இருக்கிறீங்க தானே. நானும் இருக்கிறேன்."

"விளையாடாத. எழும்பு."

"நீங்க எழும்புங்க."

அக்கா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு குசினிக்குப் போய்ப் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக வைத்தார். தேநீர் கொண்டுவந்து என் முன்னால் நங்கென்று வைத்தார். எனக்குப் பிள்ளைகள் இருப்பதை நினைவூட்டினார். எருமை என்றார், அப்பாவின் பிடிவாதம் என்றார். நான் தேநீரைக் குடித்தேன். வெளியே பலாமரத்தில் காற்று ஏறியது. கொல்லைப் பக்கம் ஏதோ ஒரு கல் தானாக உருண்டு குசினிச் சுவரில் முட்டி நின்றது. இருவரும் அதைக் கேட்டோம்.

"உனக்கு ஏதாச்சும் ஆனா உன் பொண்டாட்டிக்கு நான் என்னடா பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பையை எடுத்தார். தனக்காக ஒருநாளும் இறங்காதவர் எனக்காக இறங்கினார். நாங்கள் பிரதான வீதிக்கு வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

அன்றிரவு ஒன்றும் நடக்கவில்லை. காலையில் மாஸ்டரிடம் தொலைபேசியில் கேட்டேன். வீடு இருக்கிறது என்றார். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா தலையை வாரி, குடையை எடுத்து, பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.

அன்றிலிருந்து இது எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. மேகம் கூடினால் நான் போய் அந்தக் கதிரையில் இருப்பேன். அக்கா ஏசுவார், தேநீர் தருவார், பிறகு வருவார். மழை விட்டால் திரும்பிப் போவார். முதலில் நான் கதிரையில் இருந்த உடனேயே பையைத் தேடினார். அடுத்த முறை சோறு வடித்து முடியட்டும் என்றார். அதற்கடுத்த முறை நான் எழும்பிவிடுவேனா என்று பார்த்துக்கொண்டு எதிரே இருந்து வெங்காயம் உரித்தார். ஒவ்வொரு முறையும் வீடு நின்றதால் ஒவ்வொரு முறையும் அவருக்குத் தைரியம் கூடுகிறது. எனக்குக் குறைகிறது. போன வாரம் நாங்கள் வாசலைத் தாண்டும்போது மழை தொடங்கி நெடுநேரம் ஆகியிருந்தது. படிக்கட்டில் சேற்றுத் தண்ணீர் இறங்கியது. கீழ்ப்படி இருந்த இடத்தில் இல்லை. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த இடைவெளியைத் தாண்டினார். தாண்டியபின் அதைத் திரும்பிப் பார்த்து, "நாளைக்கு ஒரு பலகை போட்டுக்கலாம்," என்றார்.

போட்டுவிட்டார். நேற்றுப் பார்த்தேன்.

இன்று காலையிலிருந்து வெக்கை. மதியத்துக்கு மேல் மலை உச்சி தெரியவில்லை. சற்றுமுன் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"வராத," என்றார். "இன்னைக்கு நீ வந்தாலும் நான் இறங்கப் போறதில்ல. பலாக்கா அவிக்கப் போட்டுருக்கேன்."

"எத்தன பேருக்கு?"

தொலைபேசியில் அவர் அடுப்பைக் கிளறுவது கேட்டது. அவருக்குப் பின்னால், வீட்டின் ஏதோ ஒரு பக்கத்தில், மரம் முறிவதற்கு முன் முனகுவது போல ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

"ரெண்டு பேருக்கு," என்றார் அக்கா.

காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டிருக்கிறேன்.